வண்டித் திரையை மூடிய துண்டு

ராஜபாளையம் கார் ஸ்டாண்டில் முதல் மின்சாரக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள அவ்வளவாக ஒன்றும் கிடையாது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. லாரி கழுவி, லாரி ஓட்டி, வேன் ஓட்டி, சொந்தமாக மூன்று கார் வாங்கி, இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து, நாற்பத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்தவன். இந்த மாவட்டத்தில் எந்த ரோட்டில் எங்கே பள்ளம் என்று என் கண்ணைக் கட்டிவிட்டுக் கேளுங்கள், சொல்வேன். மற்றவர்கள் வண்டியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் வயதில் நான் மின்சாரக் கார் வாங்கினேன். “பேட்டரி வண்டியெல்லாம் நமக்கு ஆகாது அண்ணாச்சி” என்று ஸ்டாண்டே சொன்னது. ஆகாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாளே போய் வண்டிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். நம் ஸ்டாண்டில் உங்களில் நாலு பேர் மின்சார வண்டிக்கு மாறியிருக்கிறீர்கள். எங்கே சார்ஜ் போடுவது, எந்த ஆப், சார்ஜ் வயர் முனையில் இருக்கிற கன்னில் எது நம் வண்டிக்குப் பொருந்தும் என்று என்னிடம் வந்து கேட்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் அது எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை. அதனால் எனக்கு நடந்த ஒன்றை எழுதுகிறேன். அதிலிருந்து உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் ஏற்றுகிற லாரி டிரைவர். பெயர் வேண்டாம். ஒரு தடவை முழு லோடு, நான் கிளீனர். பக்கத்தில் சிமெண்ட் வாங்கிய வியாபாரி உட்கார்ந்திருக்கிறார். பிரேக்கில் காற்று இறங்கிக்கொண்டே வருகிறது. டிரைவர் காற்றழுத்த முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வியாபாரியிடம் திரும்பி, அவர் மகள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், என்ன சாப்பாடு போட்டார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். வியாபாரி சாம்பார், ரசம், பாயசம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள், கியரிலேயே வண்டியை இழுத்துப் பிடித்து ஊர் சேர்த்துவிட்டார். வியாபாரி இறங்கிப் போன பிறகு லாரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “ஏலே, சவாரி பயந்துட்டான்னு வையி, அவன் பயம் நம்ம காலுக்கு வந்துரும். பிரேக்க மிதிக்க வேண்டிய காலு நடுங்கும். நம்ம மூஞ்சியில எதுவுந் தெரியக்கூடாது.”

நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். டீசல் வண்டியில் அது சுலபம். டீசல் முள் கீழே போவது டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். மின்சாரக் காரில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், நடுவில் டிவி மாதிரி ஒரு திரையை வைத்து, பேட்டரி எத்தனை பர்சன்ட் என்று பின்சீட் வரை தெரிகிற மாதிரி போட்டுவிட்டார்கள். ஏறுகிறவர்கள் ரோட்டைப் பார்ப்பதில்லை, அதைத்தான் பார்க்கிறார்கள். “அண்ணாச்சி, அறுவதுதான இருக்கு, போய்ச் சேந்துருமா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தோளில் கிடக்கும் துண்டை நாலாக மடித்துத் திரையின் மேல் போட்டுவிடுவேன். கேட்டால், “வெயில் பட்டா கெட்டுரும்” என்பேன். எட்டு மாதம் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

ஒரு நாள் கூமாப்பட்டியிலிருந்து மாரீஸ்வரி என்ற பெண் போனில் கூப்பிட்டாள். மறுநாள் மதுரையில் ஒரு அரசாங்க ஆபீசில் அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. மதியம் இரண்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஆறு வருடம் பரீட்சை எழுதி இந்தத் தடவைதான் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதாம். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. ஆள் வரவில்லை என்றால் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

“பஸ்ஸு எப்ப வரும், எப்ப போகும்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. அதான் காரு கேக்கேன்” என்றாள். “என்னைய நம்பு தாயி” என்றேன். இறக்கிவிட்டால் போதும், அன்றிரவு மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

முந்தின நாள் குற்றாலம் போய்வந்ததில் பேட்டரி இறங்கிக் கிடந்தது. காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். எழுந்து கன்னைச் செருகிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வருமாம். பேப்பர் படிக்கிறவனாக இருந்தால் எனக்கு அது முன்பே தெரிந்திருக்கும். துண்டைத் தூக்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

ஊருக்குள் பொதுச் சார்ஜர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் வீட்டில் சார்ஜ் போடுகிறவன் அங்கே போய் வரிசையில் நிற்பதா என்று எட்டு மாதமும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வண்டி வாங்கிய புதிதில் என் மருமகன் என் போனில் மூன்று ஆப் ஏற்றி, எல்லாவற்றையும் பதிந்து கொடுத்திருந்தார். அது போதும் என்று இருந்துவிட்டேன். அன்று அங்கே போய்ப் பார்த்தால் அந்தத் தெருவிலும் கரண்ட் இல்லை.

ஸ்டாண்டில் ஐந்து டீசல் வண்டி சும்மா நின்றது. ஒன்றை அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒத்துக்கொண்ட சவாரியை மாற்றிவிடுவது நம் ஸ்டாண்டில் எவ்வளவு பெரிய கேவலம் என்று உங்களுக்கே தெரியும். “பேட்டரி படுத்துருச்சாம்ல” என்று ஒரு மாதம் சிரிப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று இடத்தில் சார்ஜர் இருப்பதாக ஆப் காட்டியது. போகிற வழியிலேயே போட்டிருக்கலாம். ஆனால் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்பவன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்வோம், சார்ஜை வரும்போது பார்த்துக்கொள்வோம் என்று நேரே கூமாப்பட்டிக்கு விட்டேன்.

பத்தரைக்கு அவள் வாசலில் நின்றேன். துண்டுக்கு அடியில் இருபத்திரண்டு.

மாரீஸ்வரி பச்சைச் சேலையில், மார்போடு ஒரு பிளாஸ்டிக் பைலை அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா ஜன்னல் வழியே என்னிடம், “அய்யா, எம்பிள்ளைக்கு இதவிட்டா வேற கெதி இல்ல. பாத்துக் கூட்டிட்டுப் போங்க” என்றார். “என் வண்டியில ஏறியாச்சுல்ல, இனி உங்க கவல என் கவல” என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாகக்கூட இல்லை.

வத்திராயிருப்பு தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் பெரிய ரோடு வந்தது. இடது பக்கம் மதுரை. நான் வலது பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திருப்பினேன்.

“அண்ணாச்சி, எங்கிட்டுப் போறீக? மதுரை அங்கிட்டுல்ல?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “ஒரு அஞ்சு நிமிசம் தாயி. மதுரையில நமக்கு வேண்டியவரு பால்கோவா கேட்டாரு.”

“பால்கோவாவா?” அவள் குரல் ஏறிவிட்டது. “நான் ரெண்டு மணிக்குள்ள அங்க இருக்கணும். நீங்க பால்கோவா வாங்கப் போறீகளா?”

“பதினொண்ணு கூட ஆகல. ஒன்னயக் கொண்டு சேக்க வேண்டியது என் பொறுப்பு.”

அவள் பைலைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு மூடினாள். நான் மெதுவாக ஏசியை அணைத்தேன். “காத்து நல்லா வருது பாரு” என்றேன்.

ஆப் காட்டிய முதல் இடம் ஒரு கார் ஷோரூம். “எங்க கம்பெனி வண்டிக்கு மட்டும்தாங்க” என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் இருந்தது வீட்டில் இருக்கிற மாதிரி மூன்று முள் பிளக். அதில் போட்டால் மறுநாள்தான் மதுரை. மூன்றாவது, பெரிய ரோட்டில் ஒரு ஹோட்டல். வளாகத்தின் மூலையில் ஆள் உயரத்துக்குப் பச்சைப் பெட்டி, அதில் தடியான வயர். வண்டியை நிறுத்திவிட்டு, “இந்தா வந்துட்டேன் தாயி, உக்காந்திரு” என்று இறங்கினேன்.

கன் பொருந்தியது. மனசுக்குள் ஒரு துள்ளு துள்ளினேன். பெட்டியில் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், ஒன்றும் ஓடவில்லை. ஹோட்டல் வாட்ச்மேன் என் வயதுக்காரர், நாற்காலியில் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆப்புல போடணும் அண்ணாச்சி.”

“தெரியும்யா.” ஆப்பைத் திறந்தேன். என்னமோ வெளியே போய்விட்டேனாம், மறுபடி உள்ளே வர வேண்டுமாம். அமுக்கினேன்.

“ஓ.டி.பி. வந்துச்சா?”

“வரும், வரும்.”

வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ரோட்டு ஓரம் வரை போய்வந்தேன். அடுத்த ஆப்பைத் திறந்தேன், அது இந்தப் பெட்டியையே தெரியாது என்றது. மூன்றாவது ஆப், முதலில் பணம் ஏற்று என்றது. ஏற்றப் போனால் அதற்கும் ஓ.டி.பி. எது கதவு, எது சுவர் என்று தெரியாமல் நின்றேன். நாற்பத்தைந்து வருடத்தில் ரோடு தெரியாமல் நின்றிருக்கிறேன், வண்டி பழுதாகி நின்றிருக்கிறேன். எதிரே கரண்ட் இருக்க, கையில் கன் இருக்க, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது அன்றுதான்.

“ஒரு மண்டு போனா அடுத்த மண்டு இதே மாதிரிதான் வந்து நிக்கி” என்றார் வாட்ச்மேன், பொதுவாக வானத்தைப் பார்த்து.

பின்னால் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“என்ன அண்ணாச்சி, பால்கோவாவ வயரு போட்டுத்தான் எடுக்கணுமா?”

நான் திரும்புவதற்குள் அவள் முன்பக்கக் கதவைத் திறந்து, துண்டைத் தூக்கிவிட்டாள். பத்து.

எனக்கு என் லாரி டிரைவர் ஞாபகம் வந்துவிட்டார். சவாரி பயப்படக்கூடாது. சிரித்த முகமாகக் கேட்டேன்: “ஒந்தம்பி என்ன பண்ணுதான் தாயி? படிக்கானா?”

“எந்தம்பி கத பொறவு. இது மதுர போய்ச் சேருமா, சேராதா?”

அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் மதுரை பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் கூவுகிறான். மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். சவாரியை மாற்றிவிடாதவன் நான், என் வாயாலேயே சொன்னேன்: “பஸ்ஸுல ஏறிப் போயிரு தாயி.”

“அதுல போனா ரெண்டு மணிக்குள்ள சேந்துருவேனா? பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆட்டோ வேற பிடிக்கணும்.”

எத்தனையோ பதில் வாயில் வந்தது. ஒன்றும் நிற்கவில்லை. “தெரியல” என்றேன்.

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “கூமாப்பட்டியிலருந்து இப்பத்தான் ஒரு உண்மையச் சொல்லியிருக்கீக. போனக் குடுங்க” என்றாள். பஸ் போய்விட்டது.

போனை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். “ஓ.டி.பி. நாப்பத்திரெண்டுல முடியிற நம்பருக்குப் போகுது. ஒங்க நம்பரா?”

“மாப்ள நம்பரு.”

“எல்லா ஆப்பும் அவிய நம்பர்லயா?”

“அவருதான போட்டுக் குடுத்தாரு.”

மருமகனைக் கூப்பிட்டோம். மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை. அவர் மில்லில் பகல் ஷிப்டு. போனை வாசலில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நான் அமுக்கிய ஓ.டி.பி. எல்லாம் ராஜபாளையத்தில் ஒரு மில் லாக்கருக்குள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

“கிருஷ்ணன்கோவில்லயே சொல்லியிருந்தா நான் வர்ற வழியிலயே ஆப்ப ஏத்தியிருப்பேன்ல?” என்று சொல்லிக்கொண்டே, தன் போனில் ஆப்பை ஏற்றி, தன் நம்பரைக் கொடுத்து, வந்த எண்களை அடித்தாள். பெட்டி மேல் இருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போனில் படம் பிடித்தாள். கொர்ரென்று ஒரு சத்தம். திரையில் பத்து பதினொன்றாக மாறியது. மணி சரியாகப் பன்னிரண்டு.

“செத்த நேரத்துல புல் ஆயிரும்” என்றேன்.

“புல்லா? எதுக்கு?”

“தாயி, நம்ம லைன்ல டாங்கு புல் இல்லாம மதுரைக்கு வண்டி எடுத்ததில்ல.”

“புல் ஆக எம்புட்டு நேரம் ஆகும்?”

வாட்ச்மேன் சொன்னார்: “எம்பது வரைக்கும் விறுவிறுன்னு ஏறும். பொறவு ஆம வேகம். ஒண்ணரை மணி நேரம், கூடக்கொறைய.”

அவள் என்னிடம் கேட்டாள். “காலைல ராஜபாளையத்துல எம்புட்டு இருந்துச்சு?” முப்பத்தெட்டு. “எங்க வீட்டு வாசல்ல?” இருபத்திரண்டு. “எத்தன கிலோமீட்டரு?” நாற்பது. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது பாருங்கள். துண்டைத் தூக்கித் தூக்கி நூறு தடவை பார்த்தவன்தானே. அவள் விரலை மடக்கினாள்.

“ஒரு பர்சன்ட்டுக்கு ரெண்டர கிலோமீட்டரு. மதுரைக்கு எழுவத்தஞ்சு. முப்பது போதும். கையில கொஞ்சம் வச்சுக்கிட்டு நாப்பத்தஞ்சுல எடுத்துருவோம்.”

“வழியில நின்னுருச்சுன்னா?”

“நின்னா நிக்கட்டும். நாப்பத்தஞ்சுக்கு மேல இங்கன இருந்தா நிச்சயமா போச்சு.”

“நான் நாப்பத்தஞ்சு வருசமா வண்டி ஓட்டுதேன் தாயி.”

“வண்டி ஒங்களுது அண்ணாச்சி. வேல என்னுது. நான் சொல்லுதேன், எடுங்க.”

பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் திரையில் நாற்பத்தாறு. கன்னை அவளே போனில் நிறுத்தி, அவளே பிடுங்கினாள். எனக்குப் பாதிச் சாப்பாட்டில் இலையை இழுத்த மாதிரி இருந்தது.

இந்தத் தடவை முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஏசி இல்லை, நாலு கண்ணாடியும் இறக்கம். வேகம் அறுபதைத் தாண்டக்கூடாது என்றாள். என்னை மாட்டுவண்டி தவிர மற்ற எல்லாம் முந்திப் போனது. காற்றில் பைல் திறந்து ஒரு மார்க் ஷீட் எழும்பப் பார்த்தது. சட்டென்று என் துண்டை எடுத்துப் பைலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். திரை திறந்து கிடந்தது. அவள் மைல்கல்லைப் படிப்பாள், நான் பர்சன்ட்டைச் சொல்வேன். கல்லுப்பட்டியில் முப்பத்திரண்டு. திருமங்கலத்தில் இருபத்திரண்டு. சொல்லச் சொல்ல எனக்குக் கால் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. அது ஏன் என்றும் எனக்குப் புரியவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். பதினாலு. அவள் இறங்கி ஓடினாள். என் துண்டும் பைலோடு உள்ளே போய்விட்டது.

வண்டியை ஒரு வேப்பமர நிழலில் போட்டேன். என் வேலை முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான். அப்போதுதான் உறைத்தது. பதினாலில் ஊர் போக முடியாது. மதுரையில் சார்ஜர் எத்தனையோ இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கிற ஆப் அவள் போனில், அவள் நம்பரில். அவள் உள்ளே. மருமகன் மில்லுக்குள்.

தெருவில் போகிற யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தனைக்குப் பிறகும் கேட்கவில்லை பாருங்கள். மூன்றரை மணி நேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் குருநாதரைப் பற்றித்தான் யோசித்தேன். அவர் சொன்னது தப்பா? அன்று அந்த வியாபாரியிடம் பிரேக் இல்லை என்று சொல்லியிருந்தால், குதிப்பதைத் தவிர அவர் என்ன செய்திருப்பார்? இந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம். சவாரியின் கையில் ஏதாவது செய்ய வழி இருந்தால் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கல்யாணச் சாப்பாடு விசாரிக்கலாம் என்று ஒரு கணக்குக்கு வந்தேன். ஆனால் சவாரி கையில் வழி இருக்கிறதா என்று கேட்காமல் எப்படித் தெரியும்? அங்கே வந்ததும் மறுபடி குழம்பிவிட்டது. நீங்கள் யோசித்துப் பாருங்கள். நான் அதோடு விட்டுவிட்டேன்.

ஐந்தரைக்கு அவள் வெளியே வந்தாள். நான் ரோட்டுக்குக் குறுக்கே ஓடினேன்.

“தாயி, ஓ.டி.பி!”

அவள் நின்றுவிட்டாள். “அண்ணாச்சி, இம்புட்டு நேரமும் இங்கனயேவா இருந்தீக?”

“எங்கிட்டுப் போக?”

சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். பக்கத்துத் தெருவிலேயே ஒரு சார்ஜர் இருந்தது. என் போனை வாங்கி, “மாப்ள நம்பர எடுத்துருவோம். ஒங்க நம்பரச் சொல்லுங்க” என்றாள்.

நான் விழித்தேன். என் நம்பருக்கு நானே எப்போது போன் போட்டிருக்கிறேன்? கீழே இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய், ‘சவாரிக்கு அழைக்கவும்’ என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகக் கத்தினேன். அவள் அடித்தாள். என் சட்டைப் பையில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்த ஓ.டி.பி.யை நானே படித்து, நானே அமுக்கினேன். பெட்டி கொர்ரென்றது.

அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. யாராவது பார்த்தார்களா என்று தெருவைக்கூடப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான், திரையில் இருபதைத் தாண்டும்போதுதான், ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஆறு வருடம் பரீட்சை எழுதிய பெண், அவள் வெளியே வந்ததும் நான் கேட்டது என் ஓ.டி.பி.யை.

“தாயி” என்றேன். “ஒன் காரியம் என்னாச்சு?”

“இப்பவாச்சும் கேட்டீகளே.” அவள் மடியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். தாள்கள் ஒன்றும் கசங்கவில்லை. “எல்லாஞ் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டாக. ஆர்டரு வீட்டுக்கு வருமாம்.”

துண்டை என்னிடம் நீட்டினாள். வாங்கி, பழக்கத்தில் நாலாக மடித்தேன். கை தானாகத் திரைப் பக்கம் போனது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.